சாத்திரம் சொல்லுறது நடக்கப்போறதையோ, நடக்கவேண்டிய வழியையோ?

உட்துறைமுகம்:

திருகோணமலையில பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில தொடங்கினாலும் தேத்தண்ணிக் கடையில தொடங்கினாலும் இந்தக் கதை முடியிறேல்ல. குறிப்பும் (சாதகம்) பிரசன்னமும் (கேள்வி கேக்கிற நேரத்தை வச்சுப் பாக்கிறது) நாளைக்கு நடக்கிறதை அப்பிடியே சொல்லும் எண்டு ஒரு பகுதி. அது வழிதான் காட்டும், மிச்சம் எங்கட கையில எண்டு மற்றப் பகுதி.

இங்க ஒரு கட்டுப்பாடு வைப்பம். "என்ர மாமிக்கு அப்பிடியே பலிச்சது", "எங்கட பக்கத்து வீட்டில பலிக்கேல்ல" ரெண்டு கதையும் வேண்டாம். அதை வச்சு ஒண்டையும் நிறுவ ஏலாது. ஒவ்வொரு முறையையும் எப்பிடிச் செய்யிறது, எந்த இடத்தில பிழைக்குது, அந்தச் செய்முறையால எவ்வளவு நுணுக்கமான பதில் வரமுடியும் எண்டதை விளங்கின ஆக்கள் எழுதுங்கோ.

திருக்கணிதன்:

குறிப்பில தொடங்கிறன். எதிர்காலம் சொல்லுமோ எண்டு கேக்க முதல், கையில இருக்கிற குறிப்பு அந்தப் பிள்ளையின்ர குறிப்புத்தானோ எண்டு பாக்கவேணும். எங்கட மாவட்டத்தில 1996க்கும் 2006க்கும் இடையில பிறந்தவையின்ர குறிப்புகளில இது சின்னக் கேள்வி இல்லை.

1996 மே 25இல இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை. அதே வருசம் ஒக்டோபர் 26இல அரை மணி பின்னுக்கு எடுத்தவை. 2006 ஏப்ரல் 15இல மிச்ச அரை மணியையும் எடுத்துப் பழையபடி கிறீனிச் நேரத்தை விட 5.30 மணி கூடின நேரத்துக்கு வந்தது. ஆகவே:

1996 மே 25 – ஒக்டோபர் 25 பிறப்பு: மணிக்கூட்டு நேரத்தில ஒரு மணித்தியாலம் கழிக்கவேணும்.
1996 ஒக்டோபர் 26 – 2006 ஏப்ரல் 14 பிறப்பு: அரை மணி கழிக்கவேணும்.

இது அரசாங்க நேரம் ஓடின இடங்களுக்கு. புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த பகுதிகளில இந்த மாற்றத்தை ஏற்கேல்ல, பழைய நேரம்தான். சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வீட்டில பிறந்த பிள்ளைக்கு எழுதின நேரம் ஒண்டு, அதே கிழமை திருகோணமலை ஆசுப்பத்திரியில பிறந்த பிள்ளைக்கு எழுதின நேரம் இன்னொண்டு. ரெண்டுக்கும் ஒரே மாதிரிக் கழிச்சாலும் பிழை, கழிக்காமல் விட்டாலும் பிழை.

அரை மணி என்ன செய்யும்? லக்னம் (பிறக்கேக்க கிழக்கில உதிக்கிற ராசி இடம்) ஏறக்குறைய 4 நிமிசத்துக்கு ஒரு பாகை நகரும். அரை மணிக்கு 7½ பாகை. ஒரு ராசி 30 பாகை, ஆகவே நாலு குறிப்பில ஒண்டுக்கு லக்னமே மாறிப்போகும். ஒரு மணித்தியாலம் பிழைச்சால் ரெண்டில ஒண்டு. நவாம்சம் (ராசியை ஒன்பதாப் பிரிச்ச பங்கு) 3 பாகை 20 கலைதான் (60 கலை ஒரு பாகை), 13 நிமிசத்துக்கு ஒருக்கா மாறும். அரை மணி பிழைச்ச குறிப்பில நவாம்ச லக்னம் சரியா இருக்கிறதுக்கு வழியே இல்லை. சந்திரன் அரை மணிக்குக் கால் பாகைக்குச் சற்றுக் கூட நகரும். பிறக்கேக்க சுக்கிர தசை (சுக்கிரன் ஆளுற 20 வருசக் காலம்) நடந்தால், அதில மிஞ்சிற இருப்பு ஏறக்குறைய 5 மாதம் மாறும். அதுக்குப் பிறகு வாற எல்லாத் தசையும் புத்தியும் (தசைக்குள்ள வாற உட்பிரிவு) அந்த 5 மாதம் தள்ளித்தான் நிக்கும்.

இதையெல்லாம் திருத்தினாப் பிறகும் ஒரு 5 நிமிசம் கிடக்கு. எங்கட நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு. திருகோணமலை 81 பாகை 14 கலை. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்து உதயத்தை வச்சு நாழிகைக் கணக்குப் போடுறவை, யாழ்ப்பாணம் எங்களுக்கு ஒரு பாகைக்கு மேல மேற்க எண்டதையும் கவனிக்கவேணும். அது இன்னொரு 5 நிமிசம், நாழிகை முறையில 12½ விநாடி (இந்த விநாடி 24 செக்கன்). கொம்பியூட்டரில போடுறவைக்கு இது தானா வரும். ஆனா ஊர்ப்பட்டியலில திருகோணமலை இல்லாமல் "சென்னை" எண்டு போட்டுட்டு விடுற ஆக்கள் இருக்கினம்.

கணக்கு வாத்தியார்:

நல்ல விளக்கம் அண்ணை. பிறந்த நேரத்தை விட்டுட்டுப் பஞ்சாங்கத்துக்கு வாங்கோ. கொக்குவில் வாக்கியமும் (பழைய மனப்பாடக் கணக்கில போடுற பஞ்சாங்கம்) வீட்டில இருக்கு, மட்டுவில் திருக்கணிதமும் (வானத்தில காணுற நிலைக்குத் திருத்தின பஞ்சாங்கம்) இருக்கு. சனி மீனத்துக்கு வந்தது திருக்கணிதத்தில 2025 மார்ச் 29. வாக்கியத்தில 2026 மார்ச் 6. மேச ராசிக்காரருக்கு ஏழரைச் சனி தொடங்கினது எப்ப? பதினொரு மாதத்துக்கு மேல இடைவெளி. அந்த இடைவெளியில ஒருத்தருக்கு வேலை போனால் திருக்கணிதம் சரி. வேலை கிடைச்சால் வாக்கியம் சரி. எது நடந்தாலும் ஏதாவதொரு பஞ்சாங்கம் வெல்லும். முன்கூட்டிச் சொல்லுறது எண்டால் தோக்கக்கூடிய இடம் ஒண்டு இருக்கவேணும். இங்க அது எங்க?

திருக்கணிதன்:

தம்பி, வாக்கியம் பிழை எண்டு சொல்லுற கட்சிதான் நான். ஆனா அது ஏன் விலகுது எண்டு விளங்கினால் இப்பிடி நக்கலடிக்கமாட்டீர். வாக்கிய முறையில சந்திரனுக்கு 248 வாக்கியம் (கணக்கை அடக்கின சின்னச் சொற்றொடர்). 248 நாளில சந்திரன் தன்ர அண்மை சேய்மைச் சுற்றை ஏறக்குறைய 9 தரம் முடிக்கும், அதால அந்தப் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பாவிக்கலாம். மனப்பாடம் பண்ணி, சோழியை நிலத்தில வச்சுக் கணக்குப் பார்த்த காலத்தில இது பெரிய வேலை. சந்திரனுக்கு இண்டைக்கும் பிழை மணிக் கணக்கிலதான் வரும். சனி மாதிரி மெல்லப்போற கிரகத்துக்குப் பிழை சேர்ந்து சேர்ந்து பாகைக் கணக்கில நிக்குது. சனி ஒரு பாகை போக ஒரு மாதமளவு எடுக்கும், இடையில வக்கிரமும் (பின்னுக்குப் போற மாதிரித் தெரியிறது) வந்தால் அதே இடத்தைத் திரும்பக் கடக்கவேணும். அதாலதான் சின்னப் பாகை வித்தியாசம் மாதக் கணக்கா வீங்குது.

வானத்தில சனி எங்க நிக்குது எண்டதில ரெண்டு கருத்து இல்லை, தூரதர்சினியால பார்க்கலாம். கோயில் கிரியைக்கு வாக்கியம் வச்சிருக்கிறது மரபு. பலன் சொல்ல வாக்கியத்தைப் பாவிக்கிறதுக்கு எனக்கு நியாயம் தெரியேல்ல.

கணக்கு வாத்தியார்:

அப்ப செவ்வாய் தோசத்துக்கும் நியாயம் சொல்லுங்கோ. லக்னத்தில இருந்து 2, 4, 7, 8, 12இல செவ்வாய் நிண்டால் தோசம். 12 வீட்டில 5. அதாவது நூறு பேரில 40க்கு மேல தோசக்காரர். இதோட சந்திரனில இருந்தும் சுக்கிரனில இருந்தும் எண்ணினால் தப்பிறதுக்கு (7/12) மூண்டு தரம் பெருக்கவேணும்: ஐஞ்சில ஒருத்தர்தான் தப்புவார். பிறகு அதைச் சமாளிக்க "ஆட்சி வீடெண்டால் இல்லை, உச்சமெண்டால் இல்லை, வியாழன் பார்த்தால் இல்லை" எண்டு விலக்கு. விலக்குப் பட்டியல் தோசப் பட்டியலை விட நீளம்.

1985இல ஷான் கார்ல்சன் எண்டவர் நேச்சர் இதழில எழுதின சோதனையில, ஒரு குறிப்பையும் மூண்டு பேரின்ர குணவிபரத்தையும் குடுத்து, எது இந்தக் குறிப்புக்காரர் எண்டு சோதிடரிட்டக் கேட்டவை. மூண்டில ஒண்டுதான் சரி வந்தது. கண்ணை மூடித் தொட்டாலும் அதே அளவு.

திருக்கணிதன்:

அது மேல்நாட்டு முறை, சாயன ராசி (நட்சத்திரத்தை வச்சில்லாமல் பருவத்தை வச்சு எண்ணுற ராசி). தசை புத்தி அவையிட்ட இல்லை.

கணக்கு வாத்தியார்:

சரி, நீங்கள் தசை புத்தி வச்சு அதே மாதிரிச் செய்து காட்டலாமே. மூண்டு குறிப்பு, ஒரு ஆள், ஒரு கலியாணத் திகதி. எந்தக் குறிப்பு எண்டு தொடுங்கோ. முப்பது தரம் செய்தால் போதும்.

சல்லிப்பூ:

ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கோ. குறிப்புப் பார்க்கக் காசில்லாத சனம் அம்மனிட்டத்தான் கேக்குது. பூக்கேக்கிறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல.

ஒரு வெள்ளைப்பூ, ஒரு சிவப்புப்பூ. ஒரே அளவு வெற்றிலையில இல்லாட்டி ஒரே தாளில தனித்தனியா மடிச்சுச் சாமிக்கு முன்னால வைப்பினம். ஐயர் தீபம் காட்டினாப் பிறகு சின்னப்பிள்ளை ஒண்டு எடுக்கும். இதில பிழைக்கிற இடங்கள்:

முதலாவது பூ. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் வைக்கிறவை. செவ்வரத்தை பெரிசு, மடிச்சால் பொட்டலம் தடிச்சு நிக்கும், பிள்ளைக்குக் கை போறது அந்தப் பக்கம்தான். ஒரே இனத்துப் பூவில ரெண்டு நிறம் எடுக்கவேணும், வெள்ளை அலரி, செவ்வலரி மாதிரி. விபூதியும் குங்குமமும் வைக்கிறதெண்டால் குங்குமம் ஈரத்தில தாளுக்கு வெளியால சிவக்கும். எடுக்கிற பிள்ளைக்குத் தெரியாட்டியும் பார்த்துக்கொண்டு நிக்கிற பெரியாக்களுக்குத் தெரியும். அவையின்ர முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை எடுக்கும்.

ரெண்டாவது கேள்வி. எந்த நிறம் எதுக்கு எண்டு பொட்டலம் மடிக்க முதல் வாய்விட்டுச் சொல்லவேணும். "இந்தச் சம்பந்தம் சரியோ" எண்டு கேட்டுட்டு, சிவப்பு வந்தாப் பிறகு "இந்த வருசம் வேண்டாம் எண்டுதான் அம்மன் சொல்லுறா" எண்டு மாத்திறது பூக்கேக்கிறதில்லை. கேள்வி ஒண்டுக்கு ஒரு செயல். "மகன் வெளிநாடு போய்ச் சேருவானோ" எண்டு கேக்கப்படாது, "இந்த ஏஜென்சிக்குக் காசு கட்டவோ, விடவோ" எண்டு கேக்கலாம்.

மூண்டாவது, திருப்பிக் கேக்கிறது. இண்டைக்கு வரேல்ல எண்டு வெள்ளிக்கிழமை இன்னொருக்கா, பிறகு வேற கோயிலில ஒருக்கா.

என்ர கருத்து இதுதான். பூ வருங்காலம் சொல்லுறதில்லை. ரெண்டு வழியும் ஏறக்குறைய சமனா நிக்கேக்க, வீட்டில சண்டை இல்லாமல் ஒண்டைத் தெரிய அது உதவும். மாமியார் சொன்னவ, மருமகள் சொன்னவ எண்டு இல்லை, அம்மன் சொன்னவ. பிறகு ஆரும் ஆரையும் குத்திக்காட்ட ஏலாது.

கணக்கு வாத்தியார்:

அக்கா, உங்கட மூண்டாவதுக்கு ஒரு கணக்கு மட்டும். விருப்பமான நிறம் வருமட்டும் மூண்டு தரம் கேட்டால், ஒருக்காவாவது வாறதுக்கு எட்டில ஏழு. அம்மனுக்கு மறுக்க இடமே இல்லை.

மற்றது முழுக்கச் சரி. குத்திக்காட்ட ஏலாது எண்டு சொன்னீங்களே, அந்தப் பயனை நான் ஒருநாளும் மறுக்கேல்ல.

பிரசன்னப்பிரியன்:

பிரசன்னம் பற்றி ஆரும் வாய் திறக்கேல்ல. குறிப்பு பிறந்த நேரத்துக்கு, பிரசன்னம் கேள்வி பிறந்த நேரத்துக்கு. மேல சொன்ன அரை மணிச் சிக்கல் இதில இல்லை, ஏனெண்டால் கேக்கிற நேரம் உங்கட கையிலயே இருக்கு.

வெற்றிலைப் பிரசன்னம் சொல்லுறன். கேக்க வாறவர் கொண்டு வந்த வெற்றிலையை எண்ணவேணும். ரெண்டால பெருக்கி, ஐஞ்சால பெருக்கி, ஒண்டு கூட்டி, ஏழால பிரிக்கிறது. மிச்சம் 1 எண்டால் சூரியன், 2 சந்திரன், 3 செவ்வாய், 4 புதன், 5 வியாழன், 6 வெள்ளி, மிச்சம் இல்லாட்டிச் சனி. 12 வெற்றிலை எண்டால் 121, மிச்சம் 2, சந்திரன். பிறகு 12 வெற்றிலையை 12 பாவமா (குறிப்பில இருக்கிற 12 வீடு) எடுத்துப் பாக்கிறது. முற்பகல் எண்டால் மேல இருந்து, பிற்பகல் எண்டால் கீழ இருந்து எண்ணவேணும். ஏழாவது வெற்றிலை கிழிஞ்சிருந்தால் களத்திரத்தில (கலியாண வாழ்க்கை) கரைச்சல், நாலாவது வாடியிருந்தால் வீடு, தாய்.

பிழை எங்க வரும்? கடையில கட்டுக்கட்டா விக்கிறதை அப்பிடியே வாங்கிக்கொண்டு வாறது. கடைக்காரர் 20 வெற்றிலையாக் கட்டி வச்சிருந்தால் 201, மிச்சம் 5. அண்டைக்கு அந்தக் கடையில வாங்கின எல்லாருக்கும் வியாழன். அழுகின வெற்றிலையைக் கீழ மறைச்சுக் கட்டிறதும் வழக்கம், ஆகவே பிற்பகலில வந்தவருக்கு முதல் பாவம் எப்பவும் அழுகல். எண்ணாமல், தெரியாமல், கைக்கு வந்தளவு எடுத்து வரவேணும் எண்டு முதலே சொல்லி அனுப்பவேணும்.

சோழி இன்னும் நுணுக்கம். 108 சோழி. தேவதையை நினைச்சுக் கையால மூண்டு குவியலாப் பிரிக்கிறது. ஒவ்வொரு குவியலில இருந்தும் எட்டெட்டா எடுத்தால் மிச்சம் வரும், மிச்சம் இல்லாட்டி எட்டு எண்டு கொள்ளுறது. இடப்பக்கம் நடந்தது, நடு நடக்கிறது, வலப்பக்கம் நடக்கப்போறது. ஒற்றை எண் நல்லது, இரட்டை எண் தோசம். இது காலத்தைத்தான் மூண்டாப் பிரிச்சுப் பாக்குது. அதால நான் எதிர்காலக் கட்சி.

கணக்கு வாத்தியார்:

ஐயா, ஒரு நிமிசம். 108 முழுவதையும் மூண்டாப் பிரிக்கிறீங்கள் எண்டால், மூண்டும் ஒற்றையா ஒருநாளும் வராது.

எட்டு எட்டா எடுக்கேக்க ஒற்றை ஒற்றையாவே இருக்கும், இரட்டை இரட்டையாவே இருக்கும். மூண்டு ஒற்றை எண்ணைக் கூட்டினால் ஒற்றை வரும். 108 இரட்டை. ஆகவே வரக்கூடியது ரெண்டே வகை: மூண்டும் இரட்டை, இல்லாட்டி ரெண்டு ஒற்றை ஒரு இரட்டை. நாலு தரத்தில ஏறக்குறைய ஒருக்கா மூண்டும் தோசம். மிச்ச மூண்டு தரமும் ஏதாவது ஒரு இடத்தில தோசம். தோசமே இல்லாத ஆள் இந்த உலகத்தில இல்லை எண்டு சோழியை எறிய முதலே எழுதி வச்சிடலாம்.

இன்னொண்டும் இருக்கு. 108ஐ எட்டால பிரிச்சால் மிச்சம் 4. அதால உங்கட மூண்டு எண்ணையும் கூட்டினால் 4, 12, 20 இதில ஒண்டுதான் வரவேணும். வேற கூட்டுத்தொகை வந்தால் சோழி ஒண்டு பாயுக்குக் கீழ போயிட்டுது எண்டு அர்த்தம்.

பிரசன்னப்பிரியன்:

கூட்டுத்தொகை பார்த்துச் சோழி தவறினதைக் கண்டுபிடிக்கிறது நல்ல சோதனை, அதை எடுத்துக்கொள்ளுறன். எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் எழுதிறன்: 30, 41, 37 எண்டு பிரிச்சால் 6, 1, 5. கூட்டினால் 12. சரிதான்.

மூண்டும் ஒற்றை வராது எண்டதால முறை பொய் ஆகாது. கேள்வி கேட்டு வாறவர் ஏதோ ஒரு குறையோடதானே வாறார். குறை இல்லாதவர் சோழி போடச் சொல்லி வாறேல்ல. எந்தக் காலத்தில குறை எண்டு காட்டிறதுதான் சோழியின்ர வேலை. நடந்ததில குறை எண்டால் முன்னோர் கடமை, நடக்கிறதில எண்டால் இப்ப செய்யிற காரியத்தைத் திருத்திறது, வரப்போறதில எண்டால் காப்பு.

பிரசன்ன மார்க்கம், 17ஆம் நூற்றாண்டில கேரளத்தில எழுதின நூல், கர்மத்தைத் திருடம், அதிருடம் எண்டு பிரிக்குது. திருடம் அனுபவிச்சே தீரவேணும். அதிருடம் பரிகாரத்தால மாறும். மாறாததைச் சொன்னால் எதிர்கூறல், மாறக்கூடியதைச் சொன்னால் வழிகாட்டல். ரெண்டும் ஒரே சாத்திரத்துக்குள்ள இருக்கு.

கணக்கு வாத்தியார்:

எது திருடம் எண்டு பரிகாரம் செய்ய முதலே எழுதித் தருவீங்களோ? பரிகாரம் செய்தும் நடந்தால் திருடம், நடக்காட்டி அதிருடம் எண்டு பிறகு சொல்லுறதெண்டால் நான் மேல பஞ்சாங்கத்துக்குச் சொன்னதுதான் இதுக்கும்.

ஒண்டு ஒப்புக்கொள்ளுறன். "எந்தக் காலத்தில குறை" எண்டு நீங்கள் இப்ப சொன்னதில எதிர்காலம் மூண்டில ஒரு பங்குதான். ரெண்டு பங்கு நடந்ததையும் நடக்கிறதையும் விசாரிக்கிறது. எதிர்காலக் கட்சி எண்டு சொல்லிக்கொண்டு வழிகாட்டிக் கட்சியில நிக்கிறீங்கள்.

கிண்ணியா நானா:

எங்கட முஸ்லிம் பக்கத்து நிலைப்பாட்டையும் எழுதிறன், பலர் பிழையா விளங்கி வச்சிருக்கினம்.

குறி பார்க்கிறது, பால் கிதாபு (சகுனப் புத்தகம்) பார்க்கிறது ரெண்டும் மார்க்கத்தில இல்லை. குறிகாரனிட்டப் போய் ஒண்டைக் கேட்டவருக்கு நாப்பது நாள் தொழுகை ஏற்கப்படாது எண்டு ஹதீஸ் இருக்கு. மறைவானது அல்லாஹ்வுக்கு மட்டும்தான். எதிர்கூறல் பக்கம் கதவு முழுசாப் பூட்டு.

ஆனா வழி கேக்கிறதுக்கு இஸ்திகாரா இருக்கு. பர்ளு (கட்டாயத் தொழுகை) இல்லாத ரெண்டு ரக்அத் தொழுதிட்டு, அதுக்குரிய துஆவை (பிரார்த்தனை) ஓதி, துஆவில காரியத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிடவேணும். "இது என்ர தீனுக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் நல்லது எண்டால் லேசாக்கித் தா, கெட்டது எண்டால் என்னை விட்டு அதைத் திருப்பு, என்னை அதை விட்டுத் திருப்பு" எண்டதுதான் அதின்ர சாரம். கவனியுங்கோ, "என்ன நடக்கும் எண்டு காட்டு" எண்டு அதில ஒரு சொல்லும் இல்லை.

பிழைக்கிற இடம் மூண்டு. ஒண்டு, கனவு வரவேணும் எண்டு காத்திருக்கிறது. பச்சை கண்டால் சரி, கறுப்பு கண்டால் பிழை எண்டு. துஆவில கனவு பற்றிப் பேச்சே இல்லை. ரெண்டு, மௌலவியிட்டச் சொல்லித் "தொழுது பார்த்துச் சொல்லுங்கோ" எண்டு விடுறது. காரியக்காரர்தான் தொழவேணும். மூண்டு, மஷூரா (ஆலோசனை) செய்யாமல் இஸ்திகாரா மட்டும் செய்யிறது. காணி வாங்கிறதெண்டால் உறுதியைச் சட்டத்தரணியிட்டக் காட்டாமல் ரெண்டு ரக்அத் தொழுதிட்டுக் காசைக் குடுக்கிறது தவக்குலும் (அல்லாஹ்விட்டப் பொறுப்புக் குடுக்கிறது) இல்லை, புத்தியும் இல்லை. விசாரிச்சு, மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சாப் பிறகு தொழுது, அந்த வேலையைத் தொடங்கிறது. தடை வந்தால் விடுறது.

சல்லிப்பூ தங்கச்சி எழுதின "கேள்வி ஒண்டுக்கு ஒரு செயல்" எண்ட வரியைப் பார்த்து ஆச்சரியப்பட்டுப் போனன். இதிலயும் அதேதான்.

கோட்டைவாசல்:

எதிர்கூறல் எண்டு கதைக்கிற ஊரில, கல்லில வெட்டின எதிர்கூறல் ஒண்டு இருக்கிறதை மறந்திட்டீங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசல் நிலையில, இணைக்கயல் (ரெட்டை மீன்) சின்னத்துக்குப் பக்கத்தில, கோணேசர் கோயிலைக் கட்டினதாச் சொல்லுற குளக்கோட்டனைப் பற்றி: "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே..."

எழுத்து இடையிடையே உடைஞ்சு போச்சு. கல்லில ஓரளவு வாசிக்கக்கூடியது பறங்கி பிரிப்பான், பிறகு வாற மன்னர் திரும்பக் கட்ட எண்ணமாட்டினம் எண்ட பகுதிதான். பூனைக்கண், செங்கண், புகைக்கண் எண்டு போத்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயருக்குப் பொருத்திற பிற்பகுதி வாய்வழியா வாறது. அதில ஆருக்கு எந்தக் கண் எண்டதுக்கே ஆளுக்கொரு வரிசை. போத்துக்கேயர் (பறங்கி) கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினது 1620களில. அந்தக் கல்லுத்தான் இப்ப வாசல் நிலை.

கணக்கு வாத்தியார்:

இடிபட்டாப் பிறகு பாடின பாட்டு எண்டு எடுத்தால் ஒரு புதிரும் இல்லை. முன்னமே பாடினது எண்டு எடுத்தால் "திரும்பக் கட்டமாட்டினம்" எண்டது பிழைச்சுப் போச்சு. 1963இல கோணேசருக்குக் கும்பாபிசேகம் நடந்ததே.

கோட்டைவாசல்:

மன்னர் எண்ணமாட்டினம் எண்டுதானே பாட்டு. 1963இல கட்டினது மன்னர் இல்லை, சனம். பாட்டுப் பிழைக்கேல்ல!

கணக்கு வாத்தியார்:

இதைத்தான் சொன்னன். தோக்க இடம் இல்லாத வசனம் எப்பவும் வெல்லும்.

திருக்கணிதன்:

கோட்டைவாசல் தம்பி சொன்னது பகிடி எண்டே எடுக்கிறன். ஆனா அந்தக் கல்லைப் பாக்கிற சனம் அதில எதிர்காலத்தைத் தேடுறேல்ல. கோயில் போனதைத் தாங்கிக்கொள்ள ஒரு வரி தேவைப்பட்டது, "இது முன்னமே எழுதிக் கிடந்தது" எண்டு. குறிப்பைக் கொண்டு வாறவையிலயும் பாதிப்பேர் நடந்து முடிஞ்சதுக்குத்தான் காரணம் கேக்கினம்.

உட்துறைமுகம்:

நாட்டு நடப்புக்கும் இதே அளவுகோல்தானே? 2015 ஜனவரியில பதவிக்காலம் முடிய முதலே தேர்தல் வச்ச ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, சோதிடர் குறிச்ச நாளில வச்சுத் தோத்தார். 2009இல ஆட்சிக்கு ஆபத்து எண்டு சொன்ன சோதிடரைப் பொலிஸ் பிடிச்சது. வெறும் வழிகாட்டல் எண்டால் பிடிக்க என்ன தேவை எண்டும் கேக்கலாம்.

தம்பலகாமத்தான்:

விதைப்புக்கு நாள் பாக்கிறதை எதிர்கூறல் எண்டு எங்கட பக்கம் ஒருத்தரும் நினைக்கிறேல்ல. வாய்க்காலில தண்ணி விடுற திகதிதான் முதல் நாள், அதுக்குள்ள நல்ல நேரம் தேடுறதுதான் மிச்சம்.

ராகு காலம் பற்றி மட்டும் ஒண்டு. திங்கள் ஏழரையில இருந்து ஒன்பது எண்டு கலண்டரில போடுறது ஆறு மணிக்கு உதிச்சு ஆறு மணிக்குப் படுற நாளுக்கு. பகலை எட்டாப் பிரிச்சுத் திங்களுக்கு ரெண்டாம் பங்கு, சனிக்கு மூண்டு, வெள்ளிக்கு நாலு, புதனுக்கு ஐஞ்சு, வியாழனுக்கு ஆறு, செவ்வாய்க்கு ஏழு, ஞாயிறுக்கு எட்டு. ஜனவரிக் கடைசியில எங்களுக்குச் சூரியன் 6.25க்குக் கிட்டத்தான் உதிக்கும். அப்ப திங்கள் ராகு காலம் 7.55அளவில தொடங்கி 9.20க்கு மேல போகும். ஒன்பது மணி கழிஞ்சிட்டுது எண்டு கலப்பையை இறக்கிறவை நேரே அதுக்குள்ளதான் இறங்கினம்.

மூதூர்கரை:

திருக்கணிதன் அண்ணை, கேள்வி ஒண்டு. சம்பூர், வீட்டில பிறப்பு, 1999 ஓகஸ்ட் 20, "விடிய 5.40" எண்டு கொப்பியில எழுதிக் கிடக்கு. பழைய நேரமோ புது நேரமோ எண்டு இல்லை. சம்பந்தம் பேசினம், குறிப்புக் கேக்கினம். அரை மணி கழிக்கவோ, விடவோ?

திருக்கணிதன்:

கழிக்க முதல் தாயிட்ட இல்லாட்டி மருத்துவிச்சியிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: பிள்ளை பிறக்கேக்க விளக்கு வெளிச்சத்திலயோ, வெளியில வெளிச்சம் வந்திட்டுதோ?

அந்த நாளில எங்களுக்கு உதயம் பழைய நேரம் 6 மணிக்குக் கிட்ட. 5.40 பழைய நேரம் எண்டால் உதயத்துக்கு 20 நிமிசம்தான், ஆள் முகம் தெரியிற வெளிச்சம். புது நேரம் எண்டால் உதயத்துக்கு 50 நிமிசம் கிடக்கு, நல்ல இருட்டு. வீட்டு மணிக்கூட்டை ஊர் நேரத்துக்கு வச்சிருந்தவையோ, கொழும்பு றேடியோ நேரத்துக்கு வச்சிருந்தவையோ எண்டும் விசாரியுங்கோ.

ரெண்டையும் போட்டுப் பார்த்தன். சூரியன் சிம்மத்தில 3 பாகையளவில நிக்குது, ஆகவே ரெண்டு நேரத்துக்கும் லக்னம் கடகம்தான். பழைய நேரத்துக்குக் கடகத்தின்ர கடைசி நவாம்சம், மீனம். புது நேரத்துக்கு ஏழாவது, மகரம். நட்சத்திரம் ரெண்டிலயும் அனுசம். சனி தசை இருப்பு 4 மாதமளவு மாறும்.

பத்துப் பொருத்தம் பாக்கிறதுக்கு நட்சத்திரம் போதும், அது மாறேல்ல, தாராளமாக் குடுக்கலாம். செவ்வாயும் லக்னத்தில இருந்து எண்ணேக்க மாறாது. குறிப்பின்ர தலையில "நேரம் உறுதியில்லை, நவாம்சம் பார்க்கவேண்டாம்" எண்டு எழுதிக் குடுங்கோ. தாயின்ர பதில் வந்தால் இங்க போடுங்கோ, தசை இருப்பைத் திருத்தித் தாறன்.